கடனைத் தீர்த்துத் தருகிறோம் என்று வருகிறவர்கள்

நெல் அறுத்துக் களம் சேர்ந்த பிறகு, கரும்பு வெட்டி ஆலைக்குப் போன பிறகு, பயிர்க்கடன் தவணை நெருங்கும் நாட்களில் விவசாயிக்கு இரண்டு கவலைகள். விளைந்ததை நல்ல விலைக்கு விற்க வேண்டும். விற்ற பணத்தில் கடனைக் கட்டி மறு கடன் எடுக்க வேண்டும். விலை சரிந்த ஆண்டிலும், மழை கெடுத்த ஆண்டிலும் இரண்டாவது கவலை முதல் கவலையை விழுங்கிவிடுகிறது. அந்த நேரம் பார்த்து ஒரு குரல் வருகிறது: "உங்கள் கடனைப் பாதியாகக் குறைத்துத் தருகிறோம். பாங்க் இனி உங்களிடம் பேசாது. எங்களிடம்தான் பேசும். நீங்கள் நிம்மதியாக இருங்கள்."

இந்தக் குரல் சில சமயம் பத்திரிகை விளம்பரமாக வருகிறது. சில சமயம் வாட்ஸ்அப் செய்தியாகவோ போன் அழைப்பாகவோ வருகிறது. கடன் தீர்வுக் கம்பெனி, கடன் ஆலோசனை நிறுவனம், கடன் விடுதலை மையம் என்று பெயர்கள் பல. இவற்றில் கம்பெனியாகப் பதிவு செய்து நடத்துகிறவர்களும் உண்டு. ஒரு ரப்பர் ஸ்டாம்பு, ஒரு செல்போன் எண் தவிர வேறு எதுவும் இல்லாதவர்களும் உண்டு. இரண்டு வகையினரிடமும் சிறு விவசாயி போகக் கூடாது என்பது எனது உறுதியான கருத்து. ஏமாற்றுக்காரர்கள் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஏமாற்றாமல் நேர்மையாக நடத்தினாலும் அந்தத் தொழிலின் முறையே விவசாயக் கடனுக்குப் பொருந்தாது. அதைத்தான் விளக்க விரும்புகிறேன்.

முதலில் அந்த முறையைத் தெரிந்துகொள்வோம். கம்பெனிக்காரர் உங்கள் கடன்களையெல்லாம் பட்டியல் போடுவார். பதிவுக் கட்டணம் ஒன்று வாங்குவார். பிறகு, "இன்றிலிருந்து எந்தக் கடனுக்கும் தவணை கட்டாதீர்கள்" என்பார். அந்தப் பணத்தை மாதா மாதம் தனியாகச் சேர்த்து வைக்கச் சொல்வார், அல்லது தம் கட்டணமாக ஒரு பகுதியை எடுத்துக்கொள்வார். ஆறு மாதமோ ஒரு வருஷமோ கட்டாமல் விட்டால் கணக்கு வாராக்கடன் ஆகும். வாராக்கடன் ஆன பிறகு பாங்க் வந்தது வரட்டும் என்று குறைந்த தொகைக்கு இறங்கி வரும். அப்போது நாங்கள் பேசி முடிக்கிறோம், முடித்த பிறகு மொத்தக் கடனில் நூற்றுக்கு இவ்வளவு எங்களுக்கு என்பார்.

இது அமெரிக்காவில் கிரெடிட் கார்டுக் கடன்களை வைத்து வளர்ந்த தொழில். பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு வேலையை முடிக்காமல் விட்டவர்களால் அங்கே ஏராளமான குடும்பங்கள் பாதிக்கப்பட்டன. அதனால், போன் மூலம் ஆள் பிடிக்கும் கடன் தீர்வுக் கம்பெனிகள் ஒரு கடனையாவது தீர்த்து முடிக்கும் முன்பு கட்டணம் வாங்கக் கூடாது என்று அந்நாட்டு வர்த்தகக் கமிஷன் விதி செய்தது. 2010 அக்டோபர் 27 முதல் அது அமலில் இருக்கிறது. நம் நாட்டில் அப்படித் தனி விதி எதுவும் இல்லை. இந்தத் தொழிலுக்கென்று ரிசர்வ் பாங்க் உரிமம் கொடுப்பதும் இல்லை. ஆகவே "ரிசர்வ் பாங்க் அங்கீகாரம் பெற்றது" என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

ரிசர்வ் பாங்க் இந்த ஆசாமிகளைப் பற்றி நேரடியாகவே எச்சரித்திருக்கிறது. 2023 டிசம்பர் 11 அன்று அது வெளியிட்ட அறிக்கையில், கடன் தள்ளுபடி என்று ஆசை காட்டி விளம்பரம் செய்கிறவர்கள், எந்த அதிகாரமும் இல்லாமல் "கடன் தள்ளுபடிச் சான்றிதழ்" வழங்குவதற்குச் சேவைக் கட்டணம், சட்டக் கட்டணம் என்று வசூலிப்பதாகத் தகவல் வந்திருக்கிறது என்று கூறியது. பாங்குகளுக்குக் கட்ட வேண்டியதில்லை என்று அவர்கள் சொல்வதை நம்பினால் நஷ்டம் நேரும் என்றும், போலீசில் புகார் செய்யுங்கள் என்றும் அந்த அறிக்கை சொன்னது. கடனைத் தள்ளுபடி செய்ய அந்தக் கடனைக் கொடுத்தவருக்கும் அரசுக்கும்தான் வழி உண்டு. மூன்றாம் ஆள் அச்சடித்துக் கொடுக்கும் சான்றிதழுக்கு அந்தக் காகிதத்தின் மதிப்புகூடக் கிடையாது.

அரசு தள்ளுபடி செய்த காலங்களை நினைத்துப் பாருங்கள். 2008இல் மத்திய அரசின் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளின் நிலுவைப் பயிர்க்கடன் முழுவதும் தள்ளுபடியாயிற்று. மற்ற விவசாயிகள் 75 சதவிகிதம் கட்டினால் மீதி 25 சதவிகிதம் தள்ளுபடி என்று இருந்தது. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன் ரூ.12,110 கோடியைத் தள்ளுபடி செய்தது. 16 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள் அதில் பயன் பெற்றார்கள். இதற்கெல்லாம் எந்தக் கம்பெனிக்கும் யாரும் கமிஷன் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

விவசாயக் கடன் வேறு, கார்டுக் கடன் வேறு

நகரத்தில் கிரெடிட் கார்டில் பொருள் வாங்கிக் கட்ட முடியாமல் போனவருக்கும் நமக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே கவனிக்க வேண்டும். அவருடைய கடனுக்கு ஈடு கிடையாது. வட்டி வருஷத்துக்கு 40 சதவிகிதம்கூட ஆகும். அந்தக் கார்டு இனி கிடைக்காவிட்டாலும் அவருடைய சம்பளம் நின்றுவிடாது. விவசாயிக்கோ பயிர்க்கடன்தான் அடுத்த போகத்தின் விதையும் உரமும் டீசலும். அது நின்றால் உழவு நிற்கும்.

வட்டியைப் பாருங்கள். 3 லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடனுக்கு பாங்கில் 7 சதவிகித வட்டி. தவணைக்குள் கட்டினால் 3 சதவிகிதம் ஊக்கச் சலுகை, ஆக 4 சதவிகிதம்தான். தமிழ்நாட்டில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கியவர் தவணை தவறாமல் கட்டினால் வட்டியே இல்லை. இதைவிட மலிவான பணம் நாட்டில் எந்தத் தொழிலுக்கும் கிடைப்பதில்லை. "கட்டாதே" என்று கம்பெனிக்காரர் சொல்லும் முதல் வார்த்தையிலேயே இந்தச் சலுகை பறிபோகிறது. தவணை தாண்டிய நாளிலிருந்து சாதாரண வட்டி ஏறும், அபராதக் கட்டணமும் சேரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் நான் உதாரணத்துக்கு வைத்துக்கொண்டவை. உங்கள் நோட்டீஸில் உள்ள தொகையைப் போட்டு நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஒருவருக்குப் பயிர்க்கடன் ரூ.2,00,000. கம்பெனியின் பதிவுக் கட்டணம் ரூ.3,000, மாதம் ரூ.1,000 வீதம் ஒரு வருஷத்துக்கு ரூ.12,000, முடித்துக் கொடுத்ததற்கு மொத்தக் கடனில் 15 சதவிகிதம் ரூ.30,000. ஆகக் கம்பெனிக்கு ரூ.45,000. இந்த ஒரு வருஷத்தில் பாங்க் வட்டி 10 சதவிகிதம் என்று வைத்தாலும் கடன் ரூ.2,20,000 ஆகியிருக்கும். பாங்க் இறங்கி வந்து ரூ.1,80,000க்கு முடித்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டியது மொத்தம் ரூ.2,25,000. அவரே தவணைக்குள் கட்டியிருந்தால் பாங்கில் ரூ.2,08,000, சங்கத்தில் ரூ.2,00,000.

சரி, பாங்க் இன்னும் தாராளமாக ரூ.1,50,000க்கே இறங்கி வந்தது என்றும் வைத்துக்கொள்வோம். கம்பெனிக் கட்டணத்தையும் சேர்த்தால் ரூ.1,95,000. லாபம் என்று தோன்றும். ஆனால் அடுத்த போகத்துக்கு 2 லட்சம் யார் தருவார்? ஊரில் மூன்று வட்டிக்கு வாங்கினால் ஆறு மாதத்துக்கு வட்டி மட்டும் ரூ.36,000. குறைத்துக் கொடுத்த கடன் இந்த வழியாக வெளியே போய்விடுகிறது.

தவணை நாளன்று மொத்தப் பணத்தையும் புரட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பதை மறந்துவிட்டு இதை எழுதவில்லை. ஒரு நாள், இரண்டு நாள் கைமாற்று வாங்கிக் கட்டிப் புதுப்பிக்கிறவர்கள் எத்தனையோ பேர். அந்தக் கைமாற்றுக்கும் ஒரு கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது. அது ஒரு தனிக் கொடுமை. இன்னொரு நாள் எழுத வேண்டியது. என்றாலும் கணக்கு ஒழுங்காக இருப்பதன் மதிப்பு அந்தக் கூலியைவிடப் பல மடங்கு என்பதை மேலே உள்ள கணக்கு காட்டும்.

பயிர்க்கடனைத் தவிர நம்மிடம் அதிகம் இருப்பது நகைக்கடன். நகைக்கடனில் கம்பெனிக்காரர் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை. ஈடு பாங்கின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. அதன் மதிப்பு கடனைவிட அதிகம். பாங்க் எதற்காக இறங்கி வர வேண்டும்? கட்டாமல் விட்டால் வட்டி ஏறும், நோட்டீஸ் வரும், பிறகு நகை ஏலம் போகும். வீட்டுப் பெண்மக்களின் நகை ஏலம் போன பிறகு "தீர்ந்துவிட்டது" என்று கம்பெனிக்காரர் சொன்னால், அவர் சொல்வதில் ஒருவகையில் உண்மையும் இருக்கிறது! நகைக்கடன் உள்ளவர் முடிந்தபோது வட்டியையாவது கட்டி வரட்டும். கடைசி வழியாக ஒரு பகுதி நகையை விற்று மீதியை மீட்கலாம். அது வேதனைதான். ஆனால் எந்த நகையை, எந்த விலைக்கு விற்பது என்பது அப்போது உங்கள் கையில் இருக்கும்.

மகளிர் குழுக் கடனிலும் இந்த யோசனை விபரீதமாகும். ஒருவர் தவணையை நிறுத்தினால் மற்ற பெண்கள் வாசலில் வந்து நிற்பார்கள். குழு உடைந்தால் அடுத்த கடன் யாருக்கும் இல்லை. கந்துவட்டிக் கடனைப் பற்றியோ கம்பெனிக்காரர் வாயே திறக்க மாட்டார். உண்மையில் விவசாயியை அதிகம் நசுக்குவது அந்தக் கடன்தான். அதற்கு 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி வசூலிப்புத் தடைச் சட்டம் இருக்கிறது. போலீசும் கலெக்டர் அலுவலகமும் இருக்கின்றன.

இயற்கைச் சீற்றத்தில் இழக்கும் உரிமை

இதை நான் தனியாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பலருக்கும் தெரியாத விஷயம் இது. புயல், வெள்ளம், வறட்சியால் பயிர் போனால் பயிர்க்கடனைப் பல வருஷத் தவணைக் கடனாக மாற்றிக் கொடுக்க ரிசர்வ் பாங்க் விதிகளில் இடம் உண்டு. 2018இல் தொகுத்து வெளியிட்ட விதிகளின்படி பயிர்ச் சேதம் 33 சதவிகிதம் முதல் 50 சதவிகிதம் வரை என்றால் 2 வருஷம் வரையிலும், அதற்கு மேல் என்றால் 5 வருஷம் வரையிலும் தவணை தரலாம் என்றிருந்தது. முதல் ஒரு வருஷமாவது அசல் கேட்காமல் விட வேண்டும் என்றும் இருந்தது. ஆனால் அதில் ஒரு நிபந்தனை. சேதம் ஏற்பட்ட நாளில் கடன் தவணை தாண்டி நிலுவையில் நின்றிருக்கக் கூடாது.

கம்பெனிக்காரர் பேச்சைக் கேட்டு ஆவணியில் தவணை கட்டாமல் நிறுத்தினவர் ஐப்பசியில் புயல் அடித்தால் என்ன ஆவார்? பக்கத்து வயல்காரருக்குக் கடன் மாற்றி அமைக்கப்படும். இவர் பெயர் பட்டியலில் வராது. காவிரிப் படுகையிலும் கடலோர மாவட்டங்களிலும் விவசாயம் செய்கிறவர்களுக்கு இது விளையாட்டல்ல. டெல்டாவில் 2018 நவம்பரில் கஜா புயல் என்ன செய்தது என்பதை நாம் மறக்கவில்லை.

பயத்தை விற்பவர்கள்

இந்தத் தொழிலின் மூலதனம் பயம். "60 நாளில் பாங்க் உங்கள் நிலத்தை எடுத்துக்கொள்ளும்" என்று ஒரு அதட்டல் அதட்டினால் யாருக்கும் கை நடுங்கும். உண்மை என்ன? கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை பாங்க் கைப்பற்ற வழி செய்வது 2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டம். 60 நாள் நோட்டீஸ் என்பது அதில் உள்ளதுதான். ஆனால் அதே சட்டத்தின் 31ஆம் பிரிவு, விவசாய நிலத்தின் மீதான அடமானத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று சொல்கிறது. விவசாய நிலம் என்றால் உண்மையில் சாகுபடி நடக்கும் நிலமாக இருக்க வேண்டும். ஊருக்குள் இருக்கும் வீடோ மனையோ அடமானம் வைத்திருந்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை.

இதனால் விவசாய நிலத்தை யாரும் தொட முடியாது என்று அர்த்தமல்ல. பாங்க் சிவில் கோர்ட்டில் வழக்குப் போடலாம். அடமானக் கடனுக்கு 12 வருஷம் வரை வழக்குப் போடக் கெடு உண்டு. கூட்டுறவுச் சங்கங்களுக்கு அவற்றின் சட்டப்படி வசூல் முறை இருக்கிறது. ஆனால் இவையெல்லாம் நோட்டீஸ், விசாரணை, வாய்தா என்று நடப்பவை. நீங்கள் போய் நின்று உங்கள் பக்கத்தைச் சொல்ல இடமுள்ளவை. இங்கேதான் கம்பெனிக்காரரின் இன்னொரு யோசனை ஆபத்தாகிறது. பாங்க் அனுப்பும் கடிதங்களைத் தங்களிடம் கொடுத்துவிடச் சொல்வார், போனை எடுக்காதீர்கள் என்பார், முகவரியையும் போன் எண்ணையும் மாற்றிக் கொடுக்கச் சொல்வார். கோர்ட் சம்மனும் அந்த வழியில் போனால், நீங்கள் வராததால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். கம்பெனிக்காரர் அந்த வழக்கில் வாதியும் அல்ல, பிரதிவாதியும் அல்ல. அவருக்கு என்ன நஷ்டம்?

வசூல் ஏஜெண்டுகள் வந்து அவமானப்படுத்துவார்கள் என்ற பயமும் நியாயமானதே. ஆனால் அதற்கும் விதி இருக்கிறது. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது; மிரட்டக் கூடாது; உறவினர்களையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் பாங்க் மீண்டும் உத்தரவிட்டது. மீறினால் முதலில் பாங்கிலேயே எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாளில் பதில் இல்லை என்றாலும், பதில் திருப்தி இல்லை என்றாலும் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

இன்னொரு புரளி: "பாங்குகள் லட்சம் கோடி கணக்கில் கடனை எழுதித் தள்ளிவிட்டன, உங்கள் கடனும் அதில் போய்விட்டது." பாங்க் தன் கணக்குப் புத்தகத்துக்காகக் கடனைத் தள்ளி எழுதுவது வேறு, கடன்காரரை விடுவிப்பது வேறு. புத்தகத்தில் தள்ளி எழுதிய பிறகும் வசூலிக்கும் உரிமை பாங்குக்கு அப்படியே இருக்கிறது. கடைசியாகக் கையெழுத்து விஷயம். வெற்றுப் பத்திரம், வெற்றுச் செக், பொது அதிகாரப் பத்திரம், நிலத்தின் மூலப் பத்திரம், ஓ.டி.பி. எண் இவற்றில் எதையும் எவருக்கும் கொடுக்க வேண்டாம். கடனைத் தீர்க்க "பவர்" எழுதிக் கொடுத்தால் நிலத்தையே தீர்த்துவிடுவார்கள்.

தீர்வு வேண்டியவருக்கு வழி

இவ்வளவு சொன்னதால், ஒரே தவணையில் குறைத்துக் கட்டும் ஏற்பாடே தவறு என்று நினைக்க வேண்டாம். கிணறு வற்றி, நிலம் தரிசாகி, கடன் வருஷக்கணக்கில் நின்று வட்டி அசலைத் தாண்டிவிட்டவருக்கு அதுதான் சரியான வழி. அதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை. பெரிய தொழிலதிபர்கள் கூச்சப்படாமல் செய்துகொள்கிறார்கள். ஆனால் அதைக் கடன் கொடுத்தவரிடம் நேரே கேட்க வேண்டும். ஒவ்வொரு பாங்கும் இதற்கான கொள்கையைத் தன் நிர்வாகக் குழுவின் ஒப்புதலோடு வைத்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் பாங்க் 2023 ஜூன் 8 அன்று உத்தரவிட்டிருக்கிறது. கம்பெனிக்காரர் பேசினாலும் அந்தக் கொள்கைக்கு உட்பட்டுத்தான் பாங்க் முடிவு செய்யும். உங்களுக்கு இல்லாத சலுகை அவருக்கு இல்லை.

அதே உத்தரவில் நமக்கு முக்கியமான ஒரு வரி இருக்கிறது. சமரசத் தீர்வு செய்துகொண்டவருக்கு மறுபடி கடன் கொடுக்கக் குறைந்தது 12 மாதம் பொறுக்க வேண்டும் என்பது மற்றக் கடன்களுக்கு உள்ள விதி. விவசாயக் கடனுக்கு அந்த 12 மாதக் கெடு கட்டாயம் இல்லை. எவ்வளவு காலம் என்பதை அந்தந்த பாங்கே தீர்மானிக்கலாம். ஆகவே மானேஜரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு குறைப்பீர்கள்" என்பது அல்ல. "இதை முடித்தால் அடுத்த பயிர்க்கடன் எப்போது கிடைக்கும்" என்பதுதான். பதிலை எழுத்தில் வாங்குங்கள். சிபில் அறிக்கையில் இந்தக் கடன் "முழுவதும் கட்டி முடிந்தது" என்று வராமல் "குறைத்துத் தீர்க்கப்பட்டது" என்றே வரும். அந்தப் பதிவு குறைந்தது 7 வருஷம் இருக்கும். 2025இல் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனுக்கே சிபில் அறிக்கை கேட்கப்பட்டு விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தது பலருக்கும் நினைவிருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை உங்கள் அறிக்கையை இலவசமாகவே வாங்கிப் பார்க்கலாம்.

மனு எழுத வக்கீல் தமிழ் வேண்டாம். ஒரு முழுத் தாளில் பெயர், கடன் கணக்கு எண், வாங்கிய தேதி, சர்வே எண், எந்தப் போகம் எதனால் கெட்டது, இப்போது எவ்வளவு கட்ட முடியும், எத்தனை மாதத்தில் கட்ட முடியும் என்று எழுதினால் போதும். அடங்கல் நகலையும், சேதம் நேர்ந்திருந்தால் கிராம நிர்வாக அலுவலரின் சான்றையும் இணையுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பாங்க் ஒப்புக்கொண்டால் அதன் கடிதத்தாளில் உத்தரவு வரும் வரை ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். கட்டும்போது உங்கள் கடன் கணக்கிலேயே கட்டி ரசீது பெறுங்கள். எவருடைய கையிலும், எவருடைய போன் எண்ணிலும் பணம் போடக் கூடாது. முடிந்ததும் பாக்கி இல்லை என்ற சான்று வாங்குங்கள். அடமானம் நீங்கியது வில்லங்கச் சான்றில் ஏறிவிட்டதா என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் பாருங்கள். மூலப் பத்திரத்தை 30 நாளில் திருப்பித் தர வேண்டும். தம் தவறால் தாமதம் செய்தால் நாளொன்றுக்கு ரூ.5,000 நஷ்டஈடு என்று 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் பாங்க் விதி இருக்கிறது. சமரசமாகத் தீர்த்த கணக்குக்கும் இது பொருந்தும்.

பாங்க் காது கொடுக்கவில்லை என்றால் மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. லோக் அதாலத் என்றால் எல்லோருக்கும் தெரியும். தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்தால் வழக்குப் போடும் முன்பே பாங்கைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். கட்டணம் இல்லை. அங்கே ஆகும் முடிவு சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம். மேல் அப்பீலும் கிடையாது. அதனால் கட்ட முடியாத தொகைக்கு அவசரப்பட்டுத் தலையாட்டிவிடக் கூடாது. பெண்கள், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினர், வெள்ளத்தாலோ வறட்சியாலோ பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு இலவச வக்கீலும் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

கடனைச் சமரசமாகத் தீர்ப்பது நம் மாகாணத்துக்குப் புதிதல்ல. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து விவசாயிகள் கடனில் மூழ்கியபோது 1936இல் சென்னை மாகாணக் கடன் சமரசச் சட்டம் வந்தது. சமரச போர்டு முன்பு கடன் கொடுத்தவரும் வாங்கினவரும் எதிரெதிரே உட்கார்ந்து கணக்கைப் பார்த்தார்கள். 1938இல் ராஜாஜி மந்திரிசபை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்து, 1932 அக்டோபருக்கு முந்திய பழங்கடன்களில் 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் இருந்த வட்டியை ரத்துச் செய்தது. அந்தக் காலத்து ஏற்பாட்டின் அடிப்படை, இருவரும் நேரில் பேசுவது. இன்றைய கம்பெனியின் அடிப்படை, இருவரும் பேசாமல் பார்த்துக்கொள்வது.

பாங்குகள் மீதும் குற்றம் இருக்கிறது

கம்பெனிக்காரருக்கு இடம் கிடைத்தது எப்படி என்று பாங்குகள் யோசிக்க வேண்டும். கிளையில் தமிழ் தெரிந்த அதிகாரி இல்லை. நோட்டீஸ் ஆங்கிலத்தில் வருகிறது. ஒரே தவணைத் தீர்வுத் திட்டம் வந்திருப்பது மானேஜருக்கே மார்ச் மாதக் கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. விவசாயி மனுவோடு போனால் "ரீஜனல் ஆபீஸுக்கு அனுப்பியிருக்கிறது" என்ற பதிலோடு நான்கு நடை நடக்கிறார். ஐந்தாம் நடைக்குப் பஸ் செலவு செய்ய மனம் வராத நேரத்தில் போனில் ஒருவர் தமிழில், மரியாதையாக, "ஐயா, உங்கள் கஷ்டம் எங்களுக்குத் தெரியும்" என்கிறார். யார்தான் சாயமாட்டார்கள்?

கிராமப்புறக் கிளைகள் தங்கள் தீர்வுத் திட்டத்தின் விவரத்தை, யாருக்குப் பொருந்தும், எவ்வளவு முன்பணம், கடைசித் தேதி எது, அடுத்த கடன் எப்போது என்பதை, பெரிய எழுத்தில் தமிழில் வாசலில் ஒட்ட வேண்டும். கூட்டுறவுச் சங்கங்களும் அப்படியே. மனுவுக்கு இத்தனை நாளில் பதில் என்று ஒரு கெடு வேண்டும். மாவட்டந்தோறும் கலெக்டர் தலைமையில் மாதம் ஒரு முறை நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு முன்னோடி பாங்க் மேலாளரும் வருகிறார். அந்தக் கூட்டத்தில் எந்த பாங்கில் எத்தனை தீர்வு மனுக்கள் வந்தன, எத்தனை முடிந்தன, எத்தனை எத்தனை மாதமாகக் கிடக்கின்றன என்று அவர் வாசிக்கும்படி விவசாய சங்கங்கள் கேட்க வேண்டும். அடுத்த கூட்டத்திலேயே கேட்கலாம். மனுவைத் தனித்தனியாகக் கொடுப்பதைவிட ஒரே ஊர்க்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து கொடுத்தால் பதில் சீக்கிரம் வரும்.